மைக்குக்கு வராத வரி

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மைக்கைக் கண்டால் நாக்கு திரும்பிக்கொள்ளும். கேரளத்தின் தென்கோடியில், பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும், எங்களைப் போன்ற வீடுகளில் சண்டை தமிழில்தான், சமாதானமும் தமிழில்தான். மீன்காரியிடம் தமிழ், மாட்டிடம் தமிழ், கனவில் தமிழ். ஆனால் ஒரு மைக்கை முகத்துக்கு நேரே நீட்டிவிட்டால் அதே வாய் தொண்டையைச் செருமிக்கொண்டு மலையாளம் பேசும். யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் பழைய மிஷன் சபையில்கூட வேதபாடம் தமிழில் வாசிப்பார்கள். வாசித்து முடித்து, அடுத்த மூச்சில், பெண்கள் கூட்டம் எப்போது என்று மலையாளத்தில் அறிவிப்பார்கள். கடவுளோடு தமிழ், மைக்கோடு மலையாளம்.

எனக்கு மலையாளத்தின் மேல் ஒரு கோபமும் இல்லை. நான் படித்தது அதில். என் மனைவியிடம் முதன்முதலாக மனதைச் சொன்னதும் அதில்தான். என் கோபம் வேறு. அது வெட்கத்தின் மேல் உள்ள கோபம். வீட்டுக்குள் உடுத்த துணியோடு வாசலுக்கு வரக்கூடாது என்பதுபோல, வீட்டுப் பேச்சை நான்கு பேர் முன்னால் எடுக்கக்கூடாது என்று எங்களுக்குள் ஊறிப்போன வெட்கம்.

அதனால்தான் என் வசனகவிதைப் புத்தகத்தை நெய்யாற்றின்கரையில், அந்தச் சின்னப் புத்தகக்கடையில் வெளியிட ஒத்துக்கொண்டேன். கடைக்காரர் கொல்லயில் ஊர்க்காரர், அக்கா வீட்டுக்கு அடுத்த தோட்டத்துக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிறவர். அவரே வந்து கேட்டார். நான் ஒன்றுதான் சொன்னேன்: ஒரு பக்கத்தை என் அக்கா வாசிக்க வேண்டும், தமிழில்.

அக்கா அங்கன்வாடி டீச்சர். பகல் முழுக்க மலையாளப் பாட்டும் மலையாளக் கணக்கும். ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் அவள் வாசித்தால் பின்வரிசையில் தூங்குகிறவர்கள் கண் திறப்பார்கள். நான் கொடுத்த பக்கம் அப்பாவின் கடைசி மாலையைப் பற்றியது. அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். ஆயுசு முழுக்க மலையாளத்தில் டிக்கெட் கிழித்தவர். அந்தப் பக்கத்தின் கடைசி வரி நான் எழுதியதல்ல, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் பேசியது. அப்போது எங்கள் வீட்டு ஆளாகப் பக்கத்தில் இருந்தது அக்கா மட்டும்தான். அவள் எனக்குச் சொன்னாள், நான் எழுதினேன். அந்த வரியை அவள் வாயால், இந்த ஊரில், நான்கு பேர் கேட்கும்படி சொல்ல வேண்டும். அதற்காகத்தான் புத்தகமே என்றுகூடச் சொல்வேன்.

ஒரு வாரம் அடுக்களையில் நடந்துகொண்டே வாசித்துப் பழகினாள். தமிழ் எழுத்து தெரியாத என் மகளுக்குக் கேட்டுக் கேட்டே பக்கம் மனப்பாடம் ஆகிவிட்டது.

சாயங்காலம் அத்தான் காரில் அக்கா, மனைவி, மகள் என்று ஐந்து பேரும் போய் இறங்கினோம். கடை வாசலில் ஃபிளெக்ஸ். என் தமிழ்ப் புத்தகத்தின் தலைப்பு மலையாள எழுத்தில். தமிழில் ஒரு புள்ளி இல்லை. அத்தான் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "உன் புத்தகத்துக்குத்தானாக்கும்?" என்றார். "இல்ல வேற யாருக்கும் கல்யாணமா?"

கடைக்காரர் ஓடிவந்து மலையாளத்தில் வரவேற்றார். நேற்றுவரை என்னிடம் தமிழ் பேசிய மனிதர். கடைக்குள் மைக் வந்துவிட்டதல்லவா, அவருக்கு நாக்கு அந்த வாசற்படியிலேயே திரும்பிவிட்டது.

உள்ளே புத்தக அடுக்குகளுக்கு நடுவில் நாற்காலிகள். ஒரு மூலையில் டீயும் பழம்பொரியும். வாழ்த்துரை சொல்ல வந்த எங்கள் தெருக்காரர் ஒருவர் பழம்பொரியைக் கடித்துக்கொண்டே, "எலே, நல்ல சூடு உண்டு, எடு" என்றார். எண்ணெய் கையைத் துடைத்து, மேடையேறி, மைக்கைப் பிடித்தார். "ப்ரியப்பெட்டவரே" என்று தொடங்கினார். வாயில் பழம்பொரி இன்னும் முழுசாக இறங்கியிருக்காது. அதற்குள் பாஷை இறங்கிவிட்டது.

வெளியிட வந்தவர் ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர். வண்ணக் காகிதத்தைப் பிரித்துப் புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். தமிழும் மலையாளமும் சகோதரிகள் என்றார். எத்தனை மேடையில் கேட்டிருக்கிறேன் இதை. சகோதரிகளாம். ஒருத்திக்கு எப்போதும் மேடை, இன்னொருத்திக்கு எப்போதும் அடுக்களை. பிறகு அவர் என் கவிதைகளில் நெய்யாறு ஓடுவதாகச் சொன்னார். என் புத்தகத்தில் ஒரு இடத்திலும் ஆறு இல்லை. குழாயடி உண்டு, ரயில்வே கேட் உண்டு, ஆறு இல்லை. நாற்காலிகளில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். அத்தனை பேரும் தமிழ்ப் புத்தகத்தைப் பற்றி மலையாளத்தில் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நகத்தைக் கடித்தேன். என் மனைவி கையைத் தட்டிவிட்டாள்.

பேச்சு நீண்டது. கடைக்காரர் குனிந்து என் காதில், நேரமாகிவிட்டது, டீச்சரின் வாசிப்பை விட்டுவிடலாமா என்றார், மலையாளத்தில். நான் எழுந்து மைக்கிடம் போனேன். தமிழில் சொன்னேன்: "எனக்குத் தந்த நேரத்தை நான் எடுக்கவில்லை. என் அக்கா வாசிப்பாள்." கூட்டத்தில் யாரோ செருமினார்கள், நான் சட்டை போடாமல் வந்து நின்றதுபோல.

அக்கா வந்தாள். பட்டுச்சேலை, கண்ணாடி, கையில் புத்தகம். பக்கத்தைப் பிரித்தாள். மைக்கைப் பார்த்தாள். எதிரே இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியரைப் பார்த்தாள்.

"எல்லாவர்க்கும் நமஸ்காரம்," என்றாள்.

பிறகு, கடவுளே, என் பக்கத்தை வரிவரியாக மலையாளமாக்கிக்கொண்டே போனாள். தமிழைக் கண்ணால் படித்து மலையாளத்தை வாயால் விட்டாள். நாக்கு தடுக்கவில்லை, தடுமாறவில்லை. நல்ல மலையாளம், அங்கன்வாடியின் அழகான மலையாளம். கட்டில் வந்தது, குளூக்கோஸ் பாட்டில் வந்தது, ஜன்னலில் சாய்ந்த வெயில் வந்தது. எதுவும் என் வீட்டிலிருந்து வந்ததாக இல்லை. சட்டென்று புத்தகத்தை மூடி, கும்பிட்டு, இறங்கினாள்.

அன்று மாலையின் பெரிய கைதட்டல் அதற்குத்தான். கடைக்காரர் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, டீச்சரே இந்தப் புத்தகம் முழுவதையும் மலையாளத்தில் ஆக்கித் தரவேண்டும், அதற்கும் இங்கேயே வெளியீட்டு விழா நடத்தலாம் என்றார். மீண்டும் கைதட்டல். பிறந்த பிள்ளையின் முகத்தை யாரும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அதற்குள் தத்துக் கேட்டு ஆள் வந்துவிட்டது.

காரில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்காதான் முன்சீட்டிலிருந்து திரும்பினாள்.

"எலே, மூஞ்சிய எதுக்கு இப்படி தூக்கி வச்சிருக்க? எல்லாவரும் கை தட்டினாவல்லா?"

"எதுக்கு தட்டினாவ? நான் எழுதினதுக்கா?"

"அவியளுக்கு மனசிலாகாண்டாமா?"

"யாருக்கு? உனக்கு முன்னால இருந்தது பூராவும் நம்ம ஆளுவளாக்கும். உனக்க கிட்ட தமிழில சீனி கடன் வாங்குதவிய."

"வந்த காலேஜ் சாருக்குத் தெரியாதுல்லா."

"ஒரு சாருக்கு வேண்டி ஒரு கடை நெறய ஆளும் வாய மாத்தணுமா?"

அத்தான் ஹாரன் அடித்தார். முன்னால் ஒரு வண்டியும் இல்லை.

அமரவிளை பாலத்தில் ஏறும்போது என் மகள் மெதுவாகக் கேட்டாள். "அத்தை, கடைசில அப்பூப்பன் சொன்னது வரல்லியே."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கோபத்தில் நான் முடிவைக் கவனிக்கவே இல்லை. அக்கா முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலம் தீர்ந்தது.

"எனக்கு வரல்ல மக்கா," என்றாள். "மத்ததெல்லாம் வந்துது. அப்பா சொன்னத மட்டும் மலையாளத்தில சொல்ல நாக்கு எழும்பல்ல. அதான் மூடிட்டேன்."

"தமிழிலயே சொல்லியிருக்கலாம்லா?"

"அது மைக்குல்லா," என்றாள்.

அது ஒரு பதில் என்பதுபோல சொன்னாள். அதைவிட என்னை எரித்த சொல் அன்று வேறில்லை. ஃபிளெக்ஸ் எரிக்கவில்லை, சகோதரிகள் எரிக்கவில்லை. ஒரு மைக்கின் கம்பித் தலைக்கு அப்பாவின் கடைசி வரியைவிட மரியாதை. "அப்ப அப்பா சொன்னது யாருக்கு?" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "மைக்குக்கு ஆகாதுன்னா எதுக்கு ஆகும் அது? எதுக்கு எங்கிட்ட சொன்ன? நீயே வச்சிருக்கலாமே."

மனைவி என் முழங்காலை அழுத்தினாள்.

உதியன்குளங்கரை நெருங்கும்போது அக்கா சொன்னாள், "வண்டிய திருப்புங்கோ."

"இப்பமா?" என்றார் அத்தான். "சோறு ஆறிப் போவும்."

"ஆறட்டு."

நாங்கள் திரும்பிப் போனபோது நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. மைக் செட்காரர் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். கடைக்காரர் வாசலில் ஷட்டரை இழுக்கும் கம்பியோடு நின்றார்.

"எந்தா டீச்சரே?" என்றார். "எந்தெங்கிலும் மறந்நோ?"

"ஒரு வரி பாக்கி உண்டு," என்றாள் அக்கா. "மைக்க போடணும்."

"ஆளில்லல்லோ."

"ஆளு வேண்டாம். மைக்கு வேணும்."

செட்காரர் எங்கள் முகங்களைப் பார்த்தார். சுற்றிய வயரை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். ஸ்பீக்கர் பெட்டி ஒன்று இன்னும் வாசலில் ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. அது ஒருமுறை கூவி அடங்கியது. அக்கா புத்தகத்தைத் திறக்கவில்லை. மைக்கைப் பிடித்தாள், நாக்கு திரும்பப் போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்க அப்பாவுக்க கடைசி சொல்லு," என்றாள். "அம்மை கஞ்சி வாங்க கீழ போயிருந்தா. வடக்க உள்ள ஒரு மலையாள நர்ஸு கதவ அடைக்க வந்தா. அவளுக்குத் தமிழ் தெரியாது. அப்பா அவகிட்ட சொன்னது."

பிறகு அப்பாவின் அந்தத் தேய்ந்த குரலிலேயே:

"கதவ அடைக்காண்டாம். அவ வருவா."

எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். ஒரு பெண் பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, யார் வரப்போகிறார்கள் என்று கடை வாசலைப் பார்த்தாள்.

கடைக்காரர் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். அதைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அடைக்கல்ல அக்கா," என்றார், தமிழில். "நீங்க இருங்கோ."

அப்போது மைக் அவர் கையில் இல்லை. அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.