எல்லைக்கல் வைத்த பிட்சா

செவ்வாய்க்கிழமை காலை சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு வயலை அளந்துகொண்டிருந்தபோது அந்தோணியின் மகள் போன் செய்தாள். "மாமா, அப்பா போயிட்டாரு மாமா. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்று அழுதாள். "வர்றேம்மா" என்றேன். ஆனாலும் அந்த வயலை அளந்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சர்வே அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் சமையலைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இருவருக்கும் சொந்த ஊர் கடலூர். காலையிலேயே காட்டுமன்னார்கோயில் வரை அளக்கப் போக வேண்டியிருந்ததால் சிதம்பரத்தில் ஒரு வீடு எடுத்து ஆறு வருடம் சேர்ந்து தங்கினோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் பஸ் ஏறுவோம்.

ஒரு திங்கட்கிழமை திரும்பி வந்தால் வீடு முழுக்க நாற்றம். கரண்ட் போய், ஃபிரிட்ஜில் இருந்ததெல்லாம் கெட்டுப்போயிருந்தது. இனி வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஜ் காலியாக வேண்டும் என்றார் அந்தோணி. மைதாவைப் புளித்த தயிர் விட்டுப் பிசைந்து, கனமான தோசைக்கல்லில் தட்டி மூடிவைப்பார். பாதி வெங்காயம், தளர்ந்த தக்காளி, மிஞ்சிய கோவைக்காய்ப் பொரியல் எல்லாம் அதன்மேல் ஏறும். கடைசியில் சீஸ். மகள் போனில் சொல்லிக்கொடுத்த பிட்சா அது.

நான் வெள்ளிக்கிழமை அசைவம் தொடமாட்டேன். அவருக்கோ எறால் தொக்கு மிஞ்சினால் அதுவும் பிட்சாவில் ஏற வேண்டும். அதனால் நடுவே குடைமிளகாயை நீளமாக நறுக்கிக் கோடு போடுவார். கோட்டின் இரு முனையிலும் எல்லைக்கல்லாகப் பண்ருட்டி முந்திரி ஒவ்வொன்று. "எறால் இந்தப் பக்கம் தாண்டுனா ஆக்கிரமிப்பு மச்சான், நோட்டீஸ் குடு" என்பார். ஒருநாள் உண்மையிலேயே ஒரு எறால் தாண்டியது. அவரே எடுத்துத் தின்றுவிட்டு, "ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது" என்றார்.

எனக்கு அப்போது சிரிப்பு அபூர்வம். என் மனைவி கலாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வார நாட்களில் அவள் தங்கை பார்த்துக்கொண்டாள். சனியும் ஞாயிறும் நான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி துவைப்பது எல்லாம் முடித்துத் திங்களன்று ஓய்வெடுப்பதற்கென்றே ஆபீஸ் வருவேன். ஒரு மார்கழி வெள்ளிக்கிழமை வாயைவிட்டே சொல்லிவிட்டேன். "இந்த வாரம் ஊருக்கு வரல மச்சான். இப்படியே எங்கயாவது போயிடலாம்னு இருக்கு."

அவர் புத்தி சொல்லவில்லை. "சாப்புட்டு முடிவு பண்ணு" என்றார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். என் பாதியை வாழை இலையில் கட்டி எடுத்துக்கொண்டு அவர் மட்டும் பஸ் ஏறினார். நேரே என் வீட்டுக்குப் போய், கலாவிடம் "ஜமாபந்தி வேலை தங்கச்சி, அவனை விட மாட்டேன்னுட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். இருபது வருடம் சர்வேயர் பெண்டாட்டியாக இருப்பவளிடம் போய்! "மார்கழியில ஏதுண்ணே ஜமாபந்தி? வருஷக் கணக்கு பாக்குறது வைகாசியிலதானே?" என்று கேட்டிருக்கிறாள் கலா. மனிதர் முழித்திருக்கிறார். அப்புறம் பிட்சாவைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து ஊட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் வெட்கத்தோடு போய் நின்றேன். கலாவுக்கு அப்போது பேச்சு மெதுவாகத்தான் வரும். "முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. நானும்தான் முடியாம கெடக்கேன்" என்றாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். இதைப் போய் அந்தோணியிடம் சொன்னபோது, "பொய் சொல்ல எனக்கு வராதுடா" என்று தலையைச் சொறிந்துகொண்டார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனதும் கலா கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்காக அழுதிருந்தாள். "கலா, இன்னைக்கு என்னால ஒண்ணும் முடியாது" என்றேன். அவளுக்கு வலப்பக்கம் அசையாது. இடது கையை ஊன்றி, மெல்ல மெல்ல நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.

பொய் சொல்ல வராத அந்தோணியிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த இடம்.