கழித்தலிலிருந்து மறுபடியும் தொடங்கிய அக்கா

அக்கா கர்த்தரிடம் சேர்ந்து இந்த மே மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்துவிட்டு வந்துதான் ஒவ்வொரு பத்தியையும் எழுதுகிறேன். அக்காவும் அப்படித்தான். வகுப்பில் அவருக்குப் போட்ட நாற்காலியில் பிள்ளைகளின் பைகள்தான் இருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பிறந்தார். அவர் பத்தாவது படிக்கையில் அப்பா இறந்தார். அம்மா மில் வேலைக்குப் போக, என்னை வளர்த்ததில் பாதி அக்காதான். ஆசிரியர் பயிற்சி முடித்து, ராஜபாளையம் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சரானார். நான் லேத் பட்டறை போடும்வரை தன் கல்யாணப் பேச்சை எடுக்கவிடவில்லை; பிறகு எடுக்க ஆளில்லை.

நல்ல டீச்சர் என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயர்மேல் அவருக்கே இருந்த நம்பிக்கையைக் கலைத்தவள் செல்வி. அவரிடம் எட்டாவது வரை படித்து, பேண்டேஜ் துணி மில்லில் வேலை பார்த்த பெண். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தாள்.

“டீச்சர், துணி வெட்டுற மேசையில போட்டாவ. தொண்ணூறு மீட்டர்ல ஆறு மீட்டர் துண்டு எத்தனை வரும்னு கேட்டாவ. சொல்லத் தெரியாம நின்னேன். பழைய இடத்துக்கே அனுப்பிட்டாவ. எனக்கு வகுத்தல் சொல்லித் தாரியளா?”

அவளுக்கு நல்ல மார்க் போட்டுக் கையெழுத்திட்டவர் அக்காவே. புத்தகத்துக் கணக்குகளை அவள் மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறாள் என்பது அன்றுதான் தெரிந்தது. சில ஞாயிறுகளில் செல்வி வகுத்தலைக் கற்றுக்கொண்டு அந்த மேசைக்குத் திரும்பிவிட்டாள். அக்காவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. “இப்படி எம்புட்டுப் பேர அனுப்பிருக்கேனோ” என்று வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார்.

செல்வி முதன்முதலில் வந்துபோன மறுநாளே எட்டாம் வகுப்பில் 403-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னார். பாதிக்கு மேற்பட்டோர் 375 என்று எழுதியிருந்தார்கள். எப்படி வந்தது என்று சேத்தூர்ப் பெண் ஒருத்தியைக் கேட்டார்.

“மூணுல எட்டு போகாது. அதான் எட்டுல மூணக் கழிச்சேன். பெருசுலருந்துதான் சின்னதக் கழிக்கணும்னு சொல்லுவியளே டீச்சர்.”

அது அக்கா வருடக்கணக்காகச் சொல்லிவந்த வாக்கியம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்: “பிள்ளைக தப்பாக் கேக்கலலே. நான் சொன்னத அப்படியே கேட்டிருக்கு.”

அந்த வாரம் என் மனைவியும் நானும் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினோம். பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு நூறு. ஒற்றைக் குச்சி போதாதபோது கட்டைப் பிரிக்க வேண்டும். எட்டாம் வகுப்பு தரையில் உட்கார்ந்து கட்டுப் பிரித்தது. தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டார்.

“மூணாம் வகுப்புக் கணக்கு போடுறிய டீச்சர். போர்ஷன் யார் முடிக்க?”

“நான் வருஷா வருஷம் முடிச்சிட்டுத்தான் சார் இருந்தேன். பிள்ளைகளுக்குத்தான் ஒண்ணும் முடியல.”

தலைமையாசிரியர் இதற்கு முதல் பீரியடை மட்டும் கொடுத்தார். ஆறு வாரம் என்று சொன்னது அரையாண்டு வரை இழுத்தது. அக்காவுக்குப் பொறுமை குறைவு. அதையும் எழுத வேண்டும். பதறிப் பதறி நடப்பார், கத்துவார், பிறகு கத்தியதற்கு வருந்துவார்.

சேத்தூர்ப் பெண்ணின் அப்பா பைக்கில் வந்து, “குச்சி எண்ணவா எம்பிள்ளைய அனுப்புதேன்?” என்று கேட்டார். அக்கா அவளைக் கூப்பிட்டு, 700-இல் 246 போனால் எவ்வளவு என்று போர்டில் போடச் சொன்னார். அவள் 464 என்று எழுதினாள். அப்பாவின் முகம் கறுத்தது. அவளே விடையோடு 246-ஐக் கூட்டிப் பார்த்து, “பத்து கூடுது டீச்சர்” என்று அழித்து, 454 என்று எழுதினாள். தப்பைத் தானே கண்டுபிடித்த மகளைப் பார்த்துவிட்டு அவர், “சரி டீச்சர். போர்ஷனையும் விட்டுறாதிய” என்று சொல்லிப் போனார். சனிக்கிழமைகளில் அதையும் அக்கா முடித்துக் கொடுத்தார்.

அரையாண்டுக்குப் பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரையில் ஊசி போட்டுக்கொண்டு மறுவாரமே பள்ளிக்குப் போவார். போக முடியாத நாட்களில் முதல் பீரியடைத் தலைமையாசிரியரே எடுத்தார். அவருக்கு எங்கள் முதல் நன்றி. ஒவ்வொரு முறையும் மதுரைக்குக் கார் ஓட்டிய பக்கத்து வீட்டு ராஜு அண்ணனுக்கும், கடைசி வாரம் முறைவைத்துக் கூட இருந்த சபைப் பெண்களுக்கும் நன்றி. நீங்கள் இல்லாமல் நாங்கள் தாங்கியிருக்க மாட்டோம்.

இறப்பதற்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நாலு பேருக்குக் கழித்தல் இன்னும் வரலலே” என்று அக்கா சொன்னார். பெயர்களையும் சொன்னார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்க்கவில்லை, பட்டறை வேலை என்று ஓராண்டைக் கடத்திவிட்டேன். அந்த நால்வரும் வரும் ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போகிறார்கள். போன வாரம்தான் ஒருத்தியின் வீட்டைத் தேடிப் போனேன். மாலையில் கணக்குப் படிக்கப் பட்டறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

இந்த நினைவு மலரை வாங்கிச் செல்லும் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மாலையில் ஒரு மணி நேரம் கொடுக்க முடிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்.