பாதி இறக்கிய ஷட்டர்

சி ரூசா கடற்கரைச் சாலையில் நாங்கள் நான்கு பேர் வரிசையாக ஏர்கோன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறோம். எல்லோரும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள்தான். காலையில் முனை டீக்கடையில் தே தாரிக் குடிக்கும்போது, முந்தின நாள் எந்த ஏசி மெஷின் எப்படிக் கழுத்தறுத்தது என்று பேசிக்கொள்வோம். ஒருவன் பட்ட பாடு மற்றவனுக்குப் பாடம்.

நான்காவது கடைக்காரன் மட்டும் வாயில் கொழுக்கட்டை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு "அப்படியா" என்பான். தன் கடையில் வேலை நடந்தால் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று வாழ்கிற பிறவி. அவனைக் கண்டாலே எனக்குக் குமட்டும். பெரிய ரிசார்ட் வேலை ஒன்று கிடைத்ததும் தே குடிக்க வருவதையும் நிறுத்திவிட்டான். இனி நாங்கள் எதற்கு?

ஒரு நாள் என் கடைக்கு வந்து நின்றான். அந்த ரிசார்ட்டில் ஏர்கோன் வெளி யூனிட்டுகளின் சர்க்யூட் போர்டு ஒன்றன்பின் ஒன்றாக எரிந்துபோகிறதாம், இன்னொன்று எரிந்தால் கோலாலம்பூர் கம்பெனியை அழைப்பதாக மேனேஜர் சொல்லிவிட்டாராம். அவன் வாய் திறக்கும் முன்பே இந்தச் சங்கதி சாலை முழுக்கத் தெரியும்.

"என் கூட்டாளி எடத்துல போர்டு எரியுதுண்ணே," என்றான். கூட்டாளியாம். மூஞ்சியைப் பார்.

"மொதல்ல நீ சொல்லு. நாங்க சர்வீஸ் செய்யிற காயில் கொழாயெல்லாம் உப்புல அரிச்சுப் போவுது. ஒன்னது மட்டும் எப்படி நிக்குது?"

தலையைச் சொறிந்தான். "நீங்க கெணத்துத் தண்ணியில கழுவுறீங்க. அதுலயே உப்பு இருக்குலா. நான் மழைத் தண்ணி புடிச்சு வச்சிக் கழுவுறேன்."

இத்தனை வருஷமாக எங்கள் மேசையில் உட்கார்ந்து இதை விழுங்கியிருக்கிறான். கழுத்தைப் பிடித்துத் தள்ளத் தோன்றியது. ஆனால் கோலாலம்பூர்க்காரன் உள்ளே நுழைந்தால் ஒரு ரிசார்ட்டோடு நிற்க மாட்டான், சாலை முழுவதையும் வாரிக்கொள்வான்.

"பல்லி," என்றேன். "வயர் போற ஓட்டை வழியா பூந்து போர்டு மேல சாவுது. கொசுக் கம்பி வலைய வெட்டி அடைச்சிடு." அவன் வராத காலைகளில் நாங்கள் மூவரும் பேசிப் பேசிக் கண்டுபிடித்தது அது.

ரிசார்ட் தப்பியது. அடுத்த வாரம் அவன் கடை வாசலில் புது விளம்பரப் பலகை தொங்கியது: மழைநீர் சுத்தம், பல்லித் தடுப்பு, எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு. வெட்கங்கெட்டவன்.

அதைப் பார்த்து மற்ற ஓட்டல்காரர்களும் வருகிறார்கள். அவனுக்கு ஆள் போதாமல் மிச்ச வேலையை எங்களுக்கு அனுப்புகிறான். காறித் துப்பவும் வழியில்லை. இப்போது தினமும் காலையில் தே குடிக்க வருகிறான். நாங்கள் பேசுகிறோம். அவன் "அப்படியா" என்கிறான்.