அண்ணன் சுவரில் போன வயர்

பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்து கொடுப்பது என் வேலை. திருத்தங்கலில் வீட்டிலிருந்தே வரைந்து சிவகாசி அச்சகத்துக்கு அனுப்புவேன். அப்பாவின் வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த நாளிலிருந்து அடுத்த பாதியில் இருக்கும் அண்ணனோடு எனக்குப் பேச்சில்லை. கம்பம் அந்தப் பக்கம் என்பதால் என் இன்டர்நெட் வயர் மட்டும் அவருடைய வெளிச்சுவரை ஒட்டி வந்தது.

தீபாவளி சீசனில் ஒருநாள் காலை, ரௌட்டரில் சிவப்பு விளக்கு மினுங்கியது. அணைத்துப் போட்டேன். பிடுங்கிச் செருகினேன். சிவப்பு போகவில்லை. அச்சகத்துக்காரர் போனில், "புஸ்வாண லேபிள் எங்க? மிஷின் சும்மா நிக்கி, நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீக?" என்று கத்தினார்.

முந்தின நாள்தான் அண்ணன் ஏணி போட்டு அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடித்திருந்தார். எனக்கு அது போதும். அவர் வாசலில் நின்று தெருவே கேட்கும்படி, "வயர அறுத்துட்டு உள்ள ஒளிஞ்சிக்கிட்டா ஆச்சா?" என்றேன்.

சாப்பிட்ட கையோடு வெளியே வந்தார். "ஏலே, உன் வயர எவன் தொட்டான்? மொதல்ல என் சுவத்த விட்டுக் கழட்டிட்டுப் போலே."

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் எட்டிப் பார்க்காததை நான் இழுத்தேன். வயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் சொல்லும்போது இதமாக இருந்தது. அவர் கதவை அறைந்து சாத்தினார்.

மதியம் இணைப்பு சரிபார்க்க ஆள் வந்தார். வயரைக் கழற்றி, அதன் முனையில் பேனா போன்ற ஒரு விளக்கைப் பொருத்தினார். "எங்கன ஒடிஞ்சிருக்கோ, அங்கன செவப்பா கசியும் அண்ணாச்சி."

வெளியே போகவே வேண்டியிருக்கவில்லை. என் மேசைக்கு மேலே, அன்று காலையில் கடிகாரம் மாட்ட நானே அடித்த ஆணிக்கு அடியில் சிவப்பாகக் கசிந்தது.

"ஆணிய வயர் மேலயே அடிச்சிருக்கீகளே!" என்று உரக்கச் சொன்னார். ஜன்னல் திறந்திருந்தது. அந்தப் பக்கம் அண்ணன் இருமுவது கேட்டது.

ஒடிந்த இடத்தை அவர் ஒட்டி முடித்ததும் பச்சை விளக்கு வந்தது, லேபிளை அனுப்பினேன். வயர் சரிபார்க்க வந்தவர் சண்டையைத் தெருவில் கேள்விப்பட்டிருப்பார் போல. கிளம்பும்போது, "அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றார்.

"உங்க வேலையப் பாருங்க" என்றேன்.

அடுத்த வாரமே அந்த வயர்க்காரரை வரவழைத்து, பின்சந்து வழியாகச் சுற்றி வேறு வயர் இழுக்க வைத்தேன். அவசியமே இல்லை என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை. தப்பு என்னுடையது என்பது அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்காகவே இப்போது அவரைக் கண்டால் முன்னைவிட எரிச்சலாக வருகிறது.