ஒன்றரை ஏக்கர் ராணுவம்

கொல்லிமலையில் வானத்துக்குக் காவல் நின்ற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பெயர் சின்னராசு. இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு 1996-இல் ஊர் திரும்பியவர். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தில் அப்போது நான்தான் போஸ்ட்மாஸ்டர். அவருடைய கடிதம் என் கை வழியாகத்தான் டெல்லிக்குப் போனது. அதை எழுதியதும் என் கைதான். ஆகவே இதில் வரும் கூத்தில் எனக்கும் பங்கு உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பட்டாளத்தில் அவர் என்ன வேலை பார்த்தார் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி அவர் நடந்துகொள்ளவும் இல்லை. காலையில் எழுந்ததும் மீசையை முறுக்குவார், பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவார், பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் ஏறுகிறவர்களை வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டுவார். பேச்சுக்கு நடுவே பாலைவனம், ராக்கெட், ரேடார் என்று நாலு வார்த்தையை எடுத்துவிடுவார். மீதியைக் கேட்டவர்களே நிரப்பிக்கொண்டார்கள். பென்ஷன் காகிதம் என் மேசைக்கு வந்ததால் எனக்கு மட்டும் விஷயம் தெரியும். மனிதர் சமையல்காரர். ராக்கெட் விட்டவர்களுக்குச் சப்பாத்தி சுட்டவர். சமைத்துப் போடுவது ஒன்றும் கேவலமான வேலை இல்லை, அதை மறைத்துக்கொண்டு மீசை முறுக்கியதுதான் எனக்கு எரிச்சல். ஆனாலும் நான் யாரிடமும் சொல்லவில்லை. பெருந்தன்மையால் அல்ல. தெரிந்து வைத்துக்கொண்டு உள்ளுக்குள் சிரிப்பது சுகமாக இருந்தது.

அந்த இருபத்திரண்டு வருடமும் அவருடைய மேட்டுக்காட்டை உழுது விதைத்தது மனைவி ருக்குமணி. ஊருக்கு மேலே, காற்று நேராக வந்து அறைகிற சரிவில் ஒன்றரை ஏக்கர். கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி ஓரத்தில் போட்டே வரப்பை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தார். ஒரு வருடம் சாமை, மறு வருடம் கேழ்வரகு. புருஷன் லீவில் வரும்போது அந்தக் காட்டை எட்டிப் பார்த்ததாகக்கூட யாருக்கும் ஞாபகம் இல்லை.

1998 மார்ச் மாதம் பேளுக்குறிச்சிச் சந்தையிலிருந்து சின்னராசு காராச்சேவு வாங்கி வந்தார். எங்கள் ஊருக்குச் செய்தித்தாள் பெரும்பாலும் இப்படிப் பொட்டலமாகத்தான் மலையேறும். சேவைத் தின்று முடித்தவர் எண்ணெய் ஊறிய அந்தக் காகிதத்தைப் படித்திருக்கிறார். ஒரு மைல் அகலமுள்ள விண்கல் ஒன்று வந்துகொண்டிருக்கிறது, 2028 அக்டோபரில் பூமியின் மேல் மோதினாலும் மோதலாம் என்று அதில் போட்டிருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க போஸ்ட்மாஸ்டரே, இதைப் படிச்சீங்களா?"

படித்திருந்தேன். தபால் கட்டோடு எனக்கு வரும் பேப்பரில் மறுநாள் வந்ததையும் படித்திருந்தேன். விஞ்ஞானிகள் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்து, அந்தக் கல் ஆறு லட்சம் மைல் தள்ளிப் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தாளில் யார் வீட்டுக்கு என்ன மடித்துப் போனதோ, பொட்டலமாக அது மலையேறவில்லை. அதை அவரிடம் சொன்னேன்.

"அப்படித்தானுங்க மாத்தி எழுதுவாங்க. சனங்க பயந்துக்கக் கூடாதில்லைங்க. பட்டாளத்துல இருந்தவனுக்குத்தான் அது தெரியும்" என்றார்.

"முப்பது வருசம் இருக்குதுங்களே."

"காவலுன்னா முன்னாடியே போய் நிக்கறதுங்க."

பிறகு திட்டத்தை விளக்கினார். தரைக்கு ஒரு படை, தண்ணீருக்கு ஒரு படை, காற்றுக்கு ஒரு படை இருக்கிறது. அதற்கு மேலே யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. அங்கேயும் ஒரு படை வேண்டும். வருகிற கல்லை ராக்கெட்டால் அடித்து உடைக்க வேண்டும். ராக்கெட்டை நிறுத்தத் தம்முடைய மேட்டுக்காட்டை இலவசமாகத் தருகிறார். கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடி உயரம் என்பதால் அரசாங்கத்துக்கு நாலாயிரம் அடிக்கான எரிபொருள் மிச்சம்.

அன்றைக்கு அவரை உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தால் கதை முடிந்திருக்கும். எனக்குத் தபால் கட்டு வந்து சேராத அலுப்பான மத்தியானம். காகிதத்தை எடுத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டி, அந்த மனுவை ரசித்து ரசித்து எழுதினேன். எரிபொருள் மிச்சத்துக்கு ஒரு தனிப் பத்தியே ஒதுக்கினேன். அவர் கையெழுத்துப் போட்டார். நான் முத்திரை குத்தினேன்.

நாற்பது நாள் கழித்து டெல்லியில் ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. தங்கள் கடிதம் கிடைத்தது, கவனத்தில் கொள்ளப்படும், அவ்வளவுதான். யார் எழுதிப் போட்டாலும் வருகிற அட்டை அது. சின்னராசு அதைச் சேந்தமங்கலத்துக்குக் கொண்டுபோய் லேமினேஷன் செய்துகொண்டு வந்தார். அடுத்த வாரம் சுண்ணாம்பு வாளியோடு மேட்டுக்காட்டுக்குக் கிளம்பினார். ருக்குமணி பொறுக்கிப் போட்டிருந்த கற்களை எடுத்து, பட்டாள முகாமில் இருக்கிற மாதிரி வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் வெள்ளையடித்தார். நடுவில் ஹெலிகாப்டர் இறங்க ஒரு வட்டம். வானத்திலிருந்து வருகிற கல்லைத் தடுக்க, காட்டில் கிடந்த கல்லுக்குச் சுண்ணாம்பு பூசிய ராணுவம் உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று நினைத்துச் சிரித்தேன்.

பிறகு பேப்பரைப் படிக்கப் படிக்க அதிலும் சந்தேகம் வந்தது. பெரிய நாடுகளிலும் பெரிய பெரிய மீசைகள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. கல் வருகிறது, அணுகுண்டு வேண்டும், வானத்தில் எங்களுக்கு ஒரு கொட்டகை வேண்டும் என்று. அவர்கள் சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள், இவர் காராச்சேவுப் பொட்டலத்தைக் காட்டினார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த மே மாதம் நம் நாடு பொக்ரானில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. சின்னராசுவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாகிஸ்தானுக்குன்னு நெனச்சீங்களா? கல்லுக்குங்க" என்று பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் அடித்துப் பேசினார். ஆடி பிறந்தது. ருக்குமணி விதைச் சாமையை எடுத்து வைத்துக்கொண்டு, "காட்டை உழுகட்டுங்களா?" என்று கேட்டார். "அது இப்ப டிபென்ஸ் ஏரியா" என்று பதில் வந்தது. அடுத்த வருடம் கார்கில் சண்டை. டெல்லிக்காரர்களுக்குக் கை ஓயவில்லை, ஓய்ந்ததும் வருவார்கள் என்றார். அந்த ஆடியும் போயிற்று. வீட்டில் ரேஷன் அரிசி வெந்தது. மேட்டுக்காட்டில் பூண்டும் புல்லும் முளைத்தன. அதற்கு நடுவில் இவர் காக்கி உடுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். ஒரு காடு மூன்று ஆடி விதைக்காமல் கிடந்தால், பங்காளிகளில் யாராவது ஊரைக் கூட்டிக் கேட்டு அதை எடுத்து உழலாம். ஊர்க்கவுண்டர் மறுக்க முடியாது. பட்டா சின்னராசுவின் செத்துப்போன அப்பா பெயரில் கிடந்தது, அதைக் காட்டி யாரும் நியாயம் கேட்கப் போவதும் இல்லை. பங்காளி செல்லமுத்துவின் காடு அதற்கு அடுத்தாற்போல் இருந்தது. இரண்டு வருடமாக அவர் சின்னராசுவைப் பார்க்கும்போதெல்லாம், "விடாதீங்க, நாட்டுக்காகச் செய்யறீங்க" என்று தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். நல்ல தேசபக்தர்.

2000-ஆம் வருட ஆடி முடிய ஐந்து நாள் இருக்கும்போது ருக்குமணி அஞ்சலகத்துக்கு வந்தார். அதுவரை என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர். வாசற்படியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். செல்லமுத்து ஆவணி முதல் தேதி ஊரைக் கூட்டப்போவதைச் சொன்னார்.

"அவருகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னனுங்க. பட்டாளத்து எடத்தை எவன் தொடுவான்னு கேக்கறாரு." என் மேசை மேலிருந்த முத்திரையைப் பார்த்தார். "எல்லாம் நீங்க எழுதிக் குடுத்ததுதானுங்க. நீங்க சிரிச்சுக்கிட்டு எழுதினீங்களாமா. அவரே பெருமையா வந்து சொன்னாரு, போஸ்ட்மாஸ்டரு சந்தோசமா எழுதினாருன்னு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவமானமாக இருந்தது. அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை.

"இப்ப நான் என்ன பண்ணணுங்க?"

"ஒரு நாளைக்கு அவரைக் கீழ எறக்கி உடுங்க. எங்க அண்ணன் செங்கோடன் ரெண்டு ஏரோட வாரேன்னிருக்குது. வெதை மண்ணுக்குள்ள போயிட்டா அப்பறம் அதுல யாரும் கால் வெக்க மாட்டாங்க."

அதுவும் எங்கள் ஊர் வழக்கம்தான். விதைத்து மூடிய காட்டில் முளை தெரிகிறவரை சொந்தக்காரனும் கால் வைக்கமாட்டான்.

அன்று சாயங்காலமே சின்னராசுவிடம் போய்ச் சொன்னேன். சுதந்திர தினத்தன்று நாமக்கல்லில் கொடியேற்றத்துக்கு ராணுவ அதிகாரி ஒருவர் வருகிறார், மனு போட்ட உங்களைப் பார்க்க வேண்டுமாம், தபால் வழியாகச் சேதி வந்திருக்கிறது என்று. மூன்றும் பொய். அவர் எழுந்து விறைப்பாக நின்றார். எந்த அதிகாரி, என்ன காகிதம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டரை வருடமாக இந்தச் சேதிக்காகத்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் பதினைந்து, முதல் பஸ்ஸில் மெடலெல்லாம் குத்திக்கொண்டு, லேமினேஷன் அட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு கீழே போனார். பஸ் முதல் வளைவு திரும்பியதும் செங்கோடன் ஏரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கும் விடுமுறை. நானும் போய் வெள்ளைக் கல்லையெல்லாம் பெயர்த்து வரப்போரம் போட்டேன். ருக்குமணி குறுகிய நாளில் விளையும் கட்டவெட்டிச் சாமையை மடியில் கட்டிக்கொண்டு, ஏருக்கு முன்னால் வீசிக்கொண்டே நடந்தார். சாயங்காலத்துக்குள் ஹெலிகாப்டர் வட்டம் உட்பட ஒன்றரை ஏக்கரும் மண்ணுக்குள் போய்விட்டது.

கடைசி பஸ்ஸில் சின்னராசு திரும்பினார். நேராக மேட்டுக்காட்டுக்கு நடந்தார். வரப்போரம் ருக்குமணியும் கொஞ்சம் தள்ளி நானும் நின்றிருந்தோம். உழுத மண்ணைப் பார்த்தார். ருக்குமணியின் மடியில் ஒட்டியிருந்த சாமையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பூட்ஸ் கால் வரப்பில் நின்றது, உள்ளே இறங்கவில்லை. திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். கத்துவார், அடிக்க வருவார் என்றுதான் நான் தயாராக இருந்தேன்.

செல்லமுத்து லேசுப்பட்டவர் இல்லை. சொன்னபடி மறுநாளே ஊரைக் கூட்டினார். கோயிலுக்கு முன்னால் ஆண்களும் பெண்களுமாக ஐம்பது பேர் இருக்கும்.

"ஆடிக்குள்ள வெதை போட்டாச்சுங்களே" என்றார் ஊர்க்கவுண்டர்.

"ஊட்டுக்காரன் வெதச்சாத்தானுங்க வெதை. இது புருசனைப் பொய் சொல்லிக் கீழ அனுப்பிட்டுத் திருட்டுத்தனமாப் போட்டதுங்க. அவருக்கே தெரியாது. அவரையே கேளுங்க" என்றார் செல்லமுத்து.

எல்லோரும் சின்னராசுவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஏமாந்துபோனேன் என்று அவர் சொன்னால் காடு போய்விடும். அதோடு மீசை, ராக்கெட், ரேடார் எல்லாமும் போய்விடும். ருக்குமணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். புடவை முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

சின்னராசு நிமிர்ந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"ஆரு சொன்னது எனக்குத் தெரியாதுன்னு? நாந்தானுங்க வெதைக்கச் சொன்னது. எடம் வெளிய தெரியறாப்பல இருந்தா எதிரிக்காரன் மேல இருந்தே கண்டுபுடிச்சுருவான். மேல சாமையைப் போட்டு மறைச்சு வெக்கோணும்னு முன்னாடியே உத்தரவுங்க. நேத்து ஆபீசரும் அதையேதான் சொன்னாரு. வருசா வருசம் வெதைக்கச் சொல்லிட்டாருங்க."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. நாமக்கல்லில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து எல்லோரும் கலைந்த பிறகும், இல்லாத ஒருவருக்காக அந்த மனிதர் வெயிலில் எத்தனை மணி நேரம் நின்றிருப்பார் என்று எனக்கு மட்டும் தெரியும். அவர் காப்பாற்றியது காட்டையா மீசையையா என்று இன்றுவரை நான் முடிவுக்கு வரவில்லை. இரண்டையும் ஒரே பொய்யில் முடித்துக்கொண்டார், அது என்னால் ஆகாத காரியம்.

செல்லமுத்து விடவில்லை. "அப்படி ஒரு ஆபீசரு வந்தாருங்களா? அவரு பேரென்னங்க?"

சின்னராசு மெதுவாகத் திரும்பி, கூட்டத்தில் பின்னால் நின்றிருந்த என்னைப் பார்த்தார்.

"பேரு நம்ம போஸ்ட்மாஸ்டருக்குத் தெரியுங்க. சேதி அவருகிட்டத்தான் வந்துச்சு. சொல்லுங்க, போஸ்ட்மாஸ்டரே."

ஐம்பது தலையும் என் பக்கம் திரும்பின. அவர் கண்ணில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. மனு எழுத அவர் என் முன்னால் உட்கார்ந்தபோது நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு அவரை எப்படிப் பார்த்தேனோ, அதே பார்வை.

"மேஜர் சௌத்ரிங்க" என்றேன்.

"அவரேதானுங்க" என்றார் சின்னராசு.