பவித்ரா போட்ட தடை

பவித்ராவை எனக்கு ஆரம்பத்தில் கொஞ்சமும் பிடிக்காது. அவளிடமே சொல்லியும் இருக்கிறேன். போடியில் எங்கள் ஏலக்காய் அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷமாக இந்தச் சின்ராசுதான் எல்லாம் என்று நினைத்து உட்கார்ந்திருந்தவன் நான். போன வருஷம் சிலமலையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிய அந்தப் பெண், ஒரே மாதத்தில் என் நாற்காலியிலேயே என்னை விருந்தாளி ஆக்கிவிட்டாள்.

வயது முப்பத்திரண்டு. சென்னையில் ஏழு வருஷம் கம்ப்யூட்டர்களைக் கட்டிக் காத்தவள். அப்பா கை கால் விழுந்து படுத்ததும் வேலையை விட்டு ஊர் திரும்பினாள். விடியுமுன் எழுந்து அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருப்பாள். பேச்சு குறைவு, கோபம் வந்தால் அதுவும் இல்லை. மேசை டிராயருக்கு இரண்டு பூட்டு போட்டிருப்பாள். உள்ளே இருப்பது ஊறுகாய் பாட்டில்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் மலையில் எங்களுக்கு ஒரு ஸ்டோர் உண்டு. அங்கே ஸ்டோர் என்றால் பச்சைக்காயை உலர்த்தும் கட்டிடம். சிறு விவசாயிகள் காயைக் கொண்டுவந்து போடுவார்கள், நாங்கள் உலர்த்திக் கொடுப்போம். எவ்வளவு சூடு என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தால், மீதியை இப்போது கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. சூடு கூடிப்போனால் பச்சை நிறம் போய், காய் வெடித்துவிடும். அந்தக் காயை எந்த வியாபாரியும் திரும்பிப் பார்க்கமாட்டான். விவசாயிகள் தங்கள் காய் எப்படி இருக்கிறது என்று போனில் பார்க்கும் பக்கமும் அதே கம்ப்யூட்டரில்தான் ஓடியது. அதில் படம் ஏற்றுவது என் வேலை.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் பவித்ரா தன் தடையைப் போட்டாள். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சீட்டு. ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு எழுதிக்கொடுத்த சீட்டு உள்ளதை மட்டுமே தொடலாம். கேட்பது முதலாளியே ஆனாலும் அதே கதிதான். அன்றிலிருந்து நான் ஏற்றிய படம் ஒன்றும் தெரியவில்லை. "அனுமதி இல்லை" என்று மட்டும் வந்தது.

"அண்ணே, படத்த நகர்த்துனீங்களா, நகல் எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

"இல்லண்ணே. சாக்க அப்படியே தூக்கி அடுத்த ரூம்புல வச்சா பழைய சீட்டோடதான இருக்கும்? காய வேற சாக்குல கொட்டுனாத்தான் புதுச்சீட்டு. நீங்க சாக்கையே தூக்கிட்டு வர்றீங்க."

பன்னிரண்டு வருஷமாகச் சாக்கு பார்த்தவனுக்கு இது புரியாதா? புரிந்தது. கைதான் கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் மறுபடி மறுபடி நகர்த்தினேன், படம் மறுபடி மறுபடி தெரியாமல் போனது. விவசாயிகள் முதலாளி ராஜாராமுக்குப் போன் போட்டு வைதார்கள். அவர் வந்து எங்களை வைதார்.

"தடுக்க வேணாம்மா. தப்பு நடந்தா எழுதி மட்டும் வைக்கட்டும், போதும்" என்றார் அவர்.

"களவாண்டுட்டுப் போறவன் பேர நோட்டுல எழுதிக்கிட்டே நிக்கிற காவக்காரன் நமக்கு எதுக்கு சார்?" என்றாள் பவித்ரா.

அவர் முகம் சிவந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் தடையை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பரம சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செல்லத்தாயின் போன் வந்தது. மலையில் மூன்று ஏக்கர் வைத்து ஒண்டியாகப் பாடுபடும் அம்மா. வறட்சியில் இரண்டு பறிப்புக் காய் கருகிப்போய், அந்த வருஷம் கண்ட முதல் காய் முந்நூறு கிலோ, முந்தின நாள் மத்தியானம் எங்கள் ஸ்டோரில் ஏறியிருந்தது.

"அப்பு, போன்ல எங்காய்க்குப் பதிலா என்னமோ மண்டை ஓடு தெரியுது. காய் நல்லாருக்கா?"

எவனோ அந்தப் பக்கத்துக்குள் நுழைந்துவிட்டான் என்று பார்த்ததுமே தெரிந்தது. அதே கம்ப்யூட்டரில்தான் சூடும் இருக்கிறது. ஸ்டோர் ஆளுக்குப் போன் போட்டால் வழக்கம்போலச் சிக்னல் இல்லை. ராஜாராம் பவித்ராவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

பவித்ரா முதலில் அந்தப் பக்கத்தை நிறுத்தினாள். பிறகு பதிவுகளை ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"விடியக்காலம் பக்கத்துக்குள்ள வந்துருக்கான். அங்கயிருந்து சூட்டுக் கோப்பத் தொட பதினோரு தடவ பாத்துருக்கான். பதினோரு தடவையும் அனுமதி இல்லன்னு வந்துருக்கு."

"நம்பலாமாம்மா?" என்றார் ராஜாராம். குரல் கம்மியது.

"நம்பலாம் சார். இருந்தாலும் கண்ணால பாத்துருவோம்."

ஜீப்பை நான் ஓட்டினேன். அந்த மலை வளைவுகளை அவ்வளவு வேகத்தில் அதுவரை ஏறியதில்லை. எங்களுக்கு முன்பே செல்லத்தாய் வந்து ஸ்டோர் வாசலில் நின்றிருந்தார். கதவைத் திறந்ததும் சூடும் வாசனையும் முகத்தில் அடித்தன. தட்டை இழுத்தேன். காய் பச்சைப் பசேலென்று இருந்தது. அடுத்த தட்டும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. செல்லத்தாய் ஒரு காயைப் பிட்டு, உள்ளே கெடாமல் கறுப்பாக இருந்த விதையைப் பார்த்துவிட்டு, "என் சாமி" என்று அழுதுவிட்டார். ராஜாராம் சாக்கின் மேல் தொப்பென்று உட்கார்ந்து சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தடைய எடுக்க வேணாம்மா, இருக்கட்டும்" என்றார் ராஜாராம் பவித்ராவிடம். இன்றைக்கும் அந்தத் தடையால் தொல்லை உண்டு. போன வாரம்கூட பிரிண்டர் மூன்று நாள் முரண்டு பிடித்தது.

எல்லாரும் பால் இல்லாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தபோது பவித்ரா லேப்டாப்பை என் பக்கம் மட்டும் திருப்பினாள். அந்தப் பதினோரு வரிகளுக்கு மேலே இன்னொரு வரி இருந்தது. வியாழன் சாயங்காலம், மணி ஐந்து ஐம்பது, என் பெயர்.

ஒளிப்பானேன்? வெள்ளிக்கிழமை தடையை எடுப்பதற்காக அவள் எழுதி வைத்திருந்த கட்டளையைப் பார்த்து, அவள் பஸ் ஏறியதும் நானே தடையை நீக்கப் பார்த்தேன். ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. எனக்கும் அனுமதி இல்லை என்றுதான் வந்தது. அது மட்டும் பலித்திருந்தால், விடியற்காலம் வந்தவனுக்குச் சூட்டுக் கோப்பு திறந்து கிடந்திருக்கும்.

"சார்ட்ட காட்டலண்ணே" என்று மெல்லச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துச் செல்லத்தாய் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெரசா ஜீப்ப எடுத்துட்டு ஓடியாந்த. நீ நல்லாருக்கணும் அப்பு."

"என்னைய வாழ்த்தாத ஆத்தா" என்றேன். "கெடுக்கப் பாத்தவன் நானு. காப்பாத்துனது இந்தப் புள்ள."

ராஜாராம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தேன்.