கடைசி நாளில் சேர்ந்தவள்

எங்கள் மைனிக்கு உலகம் முழுக்கச் சொந்தக்காரர்கள் உண்டு. அதில் ஒருத்தரைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை.

அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். என் அண்ணன் கனகதாஸைக் கட்டிக்கொண்டு கொல்லயிலில் இருந்து, கேரள எல்லையை ஒட்டிய எங்கள் பாறசாலைக்கு வந்தவள் ஸ்ரீகுமாரி. திருவனந்தபுரத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் டைப்பிஸ்ட். அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். நான் அடுத்த வீட்டில் பிளவுஸ் தைத்துக்கொண்டு, அவர்கள் குடும்பத்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு இருக்கிறவள்.

"சாராம்மாவுக்கு நைட் டியூட்டி மாறிடிச்சு பாமா" என்பாள் மைனி, வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல். "பாவம், குவைத்தில நல்ல சூடாக்கும்."

அல்லது, "எலியாவுக்க ஊர்ல பனி. கார் ஸ்டார்ட் ஆகல்லியாம்."

முதலில் நானும் இவர்கள் யாரோ கொல்லயில் பக்கத்து ஆட்கள் என்றுதான் நினைத்தேன். "அந்த எலியாவுக்கு நீ எந்த முறை?" என்று ஒருநாள் கேட்டும் விட்டேன். மைனி சிரித்த சிரிப்பில் காபி டம்ளர் கவிழ்ந்தது.

விஷயம் இதுதான். குந்தளா என்று ஒரு பாட்டுக்காரி இருந்தாளாம். தமிழிலும் மலையாளத்திலும் விரல்விட்டு எண்ணக்கூடிய பாட்டுகள் பாடிவிட்டு, இருந்த இடம் தெரியாமல் போய்விட்டாள். அவளை மறக்கமுடியாத கொஞ்சம் பேர் கம்ப்யூட்டரில் ஒரு வட்டம் வைத்திருந்தார்கள். ஒருத்தர் எழுதினால் அது எல்லோருக்கும் போய்ச் சேரும். அமெரிக்காவில் ஏதோ பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த எலியாதான் அதை நடத்தினார். மைனியின் ஆபீசில் ஒரு டாக்டர், ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர், அதில் இருந்தார். அவர் வெளிநாடு போனபிறகும் அவருக்கு வருகிற மெயில்கள் வந்துகொண்டே இருந்தன. அழித்துவிடு என்று மைனியிடம் சொல்லியிருந்தார்கள். இவள் வாசித்துவிட்டு அழித்தாள். பிறகு வாசித்துவிட்டு அழிக்காமல் வைத்தாள். சின்ன வயதில் இரண்டு பாஷை ரேடியோவிலும் கேட்ட குரல் அது.

தொண்ணூற்று மூன்றில் அந்த வட்டத்துக்குள் ஒரு பெரிய சண்டை. குந்தளா தமிழச்சியா, மலையாளியா? தமிழச்சி என்று சிங்கப்பூர் சுவாமிதாஸ் ஒரு பக்கம், மலையாளி என்று குவைத் நர்ஸ் சாராம்மா இன்னொரு பக்கம். வெட்டு, குத்து ஒன்றுதான் பாக்கி. எலியா வட்டத்தையே மூடிவிடலாமா என்று யோசிக்கிற நிலைமை. அப்போதுதான் மைனி தன் பெயரைக் கொடுத்துச் சேர்ந்து, இங்கிலீஷ் எழுத்தில் முதல் மெயிலைத் தட்டினாள். எங்கள் ஊரில் காலையில் எழுந்து பல் தேய்த்து முடிக்கும் வரை என்ன பாஷை பேசுகிறோம் என்று எங்களுக்கே தெரியாது, குந்தளாவை எங்கள் ஊர்க்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்கும் பாதகமில்லை என்று எழுதினாளாம். மறுநாள் சுவாமிதாஸும் சாராம்மாவும் சமாதானம். அதற்குப்பிறகு எந்தச் சச்சரவு வந்தாலும் மைனியைத்தான் கூப்பிட்டார்கள். வீட்டில் எனக்கும் அண்ணனுக்கும் நடக்கிற சண்டையில் மட்டும் அவள் தலையிட்டது கிடையாது.

சில நாள் எனக்கு நூல் வாங்க வேண்டியிருக்கும். அவளோடு சாயங்காலப் பாசஞ்சரில் திரும்பியிருக்கிறேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அன்றைக்கு வாசித்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மெல்லுவாள். வெளியே தென்னையும் வாழையும் மங்கலாகப் பின்னால் போகும். பாலராமபுரத்தில் வண்டி நிற்கும்போது அவள் குவைத்தில் இருப்பாள். நெய்யாற்றின்கரை வரும்போது சிங்கப்பூரில் மழை. தனுவச்சபுரம் தாண்டினால் எலியாவின் ஊரில் பனி விழ ஆரம்பிக்கும். அதை அவள் சொல்லச் சொல்ல, எதிர் சீட்டில் தூங்குகிறவர்களின் தலைமேல்கூட வெள்ளையாக ஏதோ விழுகிற மாதிரி எனக்கே தோன்றும். பாறசாலையில் பாதித் தூக்கத்தில் எழுந்தவள்போல் இறங்குவாள். நான் கையைப் பிடித்துக்கொள்வேன். இல்லையென்றால் பிளாட்பாரத்தை விட்டு ஆகாயத்தில் நடந்துவிடுவாள்.

சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம் அவர்களுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. எல்லோரும் அவரவர் ஊரில் ஒரே பாட்டைப் போட்டுக் கேட்பார்கள். எங்கோ விடியற்காலை, எங்கோ மத்தியானம். மைனி டேப்ரிக்கார்டரைத் தட்டிவிட்டு வாசலில் வந்து நிற்பாள். ரப்பர் மரங்களுக்கு மேலே வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சமிருக்கும்.

"இப்ப எல்லா ஊர்லயும் இது கேக்குது பாமா" என்பாள் மெதுவாக.

"எனக்க மிஷின் சத்தத்தில எனக்கு ஒண்ணும் கேக்கல்ல" என்பேன் நான். எனக்குப் பாட்டு என்றால் ஆகாது. அது என் பிறவிக் குணம்.

தொண்ணூற்றொன்பதில் எலியா வேலையை விட்டார். வட்டம் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பல்கலைக்கழகத்துடையது. அதை நிறுத்தப்போகிறார்கள். வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று பேசிப் பார்த்தார்கள், யாருக்கும் முன்போல நேரமில்லை. அழகாக முடித்துக்கொள்வோம் என்று எலியா எழுதினார். அங்கே வியாழக்கிழமை ராத்திரி, இங்கே வெள்ளிக்கிழமை முற்பகல், அதோடு சரி. எல்லோரும் விடைபெற்று எழுதலாம், கடைசி மெயில் மட்டும் ஸ்ரீகுமாரி அக்காவுடையது என்று ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க மைனி இட்லி மாவோடு பேசினாள், கிணற்று வாளியோடு பேசினாள். விடைபெறும் மெயிலை மனசுக்குள் எழுதி எழுதித் திருத்தினாள். அண்ணன் பயந்துபோய், "இவளுக்குப் பேய் எதுவும் கூடியிருக்கா மக்கா?" என்று என்னிடம் கேட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள்: நாளை கேரளத்தில் ஹர்த்தால்.

எங்கள் ஊரில் ஹர்த்தாலுக்குக் காரணம் யாரும் கேட்பதில்லை. முன்பு பந்த் என்றார்கள். கோர்ட் அது கூடாது என்றதும் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். ரயில் ஓடினாலும் ஓடும், ஆனால் ஆபீஸ் திறக்காது. அங்கே உள்ள வாட்ச்மேன் மந்திரி வந்தாலும் கேட்டைத் திறக்கமாட்டான். மைனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "அவங்க எனக்கு வேண்டி காத்திருப்பாங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த முகத்தைப் பார்த்தால் சாவு வீட்டுக்குப் போகமுடியாமல் வழியில் மாட்டிக்கொண்டவள் முகம்.

நான் ஹர்த்தால் என்றால் சந்தோஷப்படுகிற சாதி. அன்றைக்கு எங்கள் ஊரில் பாதிப்பேர் சஞ்சிப் பையைத் தூக்கிக்கொண்டு இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளைக்கு நடந்துவிடுவார்கள். ஹர்த்தாலுக்கு எல்லையைத் தாண்டத் தெரியாது. இந்தப் பக்கம் பெட்டிக்கடைகூடப் பூட்டிக் கிடக்கும், நாலு அடி தாண்டினால் மீன், மரச்சீனிக் கிழங்கு, டீக்கடையில் வடை, தமிழ்நாட்டு பஸ்ஸின் ஹாரன். நானும் மார்த்தாண்டம் போய் லைனிங் துணி எடுக்க அந்த நாளுக்காகத்தான் காத்திருப்பேன்.

"மைனி, மார்த்தாண்டத்தில பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்டர்நெட்னு ஒரு போர்டு பாத்தேன்" என்றேன். அது என்ன கடை என்று எனக்குத் தெரியாது. ஏதோ நெட் துணி விற்கிற கடை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மைனி எழுந்து நின்றாள். "கூட்டிட்டுப் போ மக்கா" என்றான் அண்ணன், போர்வைக்குள் இருந்தே. ஹர்த்தால் தூக்கத்தை அவன் முந்தின நாளே ஆரம்பித்துவிடுவான்.

காலையில் நடந்தோம். வண்டி ஒன்றுகூட இல்லாத ரோடு. காற்றுக்குக்கூட லீவு விட்ட மாதிரி இருந்தது. மரவள்ளி விளைகளுக்கு நடுவே மைனி உதடசைத்துக்கொண்டே வந்தாள். என் கால் தரையில் படுகிறதா என்று எனக்கே சந்தேகம் வந்தது, அவ்வளவு அமைதி. களியக்காவிளையில் திடீரென்று சத்தமும் ஈக்களும் ஆட்களும். பஸ் பிடித்தோம். குழித்துறைப் பாலத்தில் ஆற்றைப் பார்த்தபோது, "நாளைக்கு எனக்குப் போவ ஒரு இடம் இல்லாம ஆகும் பாமா" என்றாள்.

"நாளைக்கும் ஆபீஸ் உண்டுல்லா?" என்றேன். சில நேரம் என் வாயை எனக்கே பிடிக்காது.

அந்தக் கடை ஒரு மாடிமேல் இருந்தது. போன் லைன் கூவி, கரகரத்து, ஒருவழியாகப் பிடித்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர் இல்லாமல் தன் பழைய விலாசத்தில் எழுதமுடியாது என்று மைனி சொன்னதும், கடைக்காரர் புதிதாக ஒரு விலாசம் உண்டாக்கிக் கொடுத்தார். ஸ்ரீகுமாரி என்ற பெயர் வேறு யாருக்கோ போய்விட்டதாம். ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்து ஒன்று கிடைத்தது. மைனி தட்டத் தொடங்கினாள். அவள் விரலைப் பார்த்தால் மழை ஓட்டில் விழுகிற மாதிரி இருக்கும். ஒரு வாரம் மாவோடும் வாளியோடும் பேசியது எல்லாம் திரையில் வந்தது. அனுப்பினாள். கையைக் கூப்பிக்கொண்டாள்.

போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது.

இந்த விலாசத்துக்காரர் வட்டத்தில் உறுப்பினர் இல்லை, மெயிலை ஏற்கமுடியாது என்று அங்கே உள்ள மிஷின் சொல்லியிருந்தது. வட்டத்துக்கு அவளுடைய ஆபீஸ் விலாசத்தைத்தான் தெரியும்.

"நான் ஆருன்னு கேக்குது" என்றாள் மைனி. "ஆறு வருஷம் கழிச்சு, நான் ஆருன்னு." அப்போதுதான் அவள் கண் நிறைந்தது. எனக்கு அந்த மிஷினைச் செருப்பால் அடிக்கவேண்டும்போல வந்தது.

"புதுசா சேரமுடியாதா?" என்று கேட்டேன். எரிச்சலில் கேட்டதுதான்.

மைனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். சேரவேண்டும் என்று மிஷினுக்கு ஒருவரி அனுப்பினாள். மிஷினுக்கு இது கடைசி நாள் என்று தெரியுமா என்ன? சேர்த்துக்கொண்டது. புதிதாக ஒருவர் வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் அறிவித்தும் விட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மெயில்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. இந்தப் பெயர் தெரியாத ஆள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. கதவைச் சாத்துகிற நேரத்தில் வந்திருக்கிறீர்கள், பரவாயில்லை, உள்ளே வாருங்கள் என்று சாராம்மா எழுதியிருந்தாள். உட்காருங்கள், எங்கள் ஸ்ரீகுமாரி அக்கா இப்போது எழுதுவார், வாசித்துவிட்டுப் போங்கள் என்று சுவாமிதாஸ். கேட்டறியாத ஊர்களில் இருந்தெல்லாம் வரவேற்பு. மைனி ஒவ்வொன்றையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் சாயங்காலப் பாசஞ்சர் முகமாக மாறியது.

"நேரம் ஆகுது மைனி, அந்த மெயிலைத் திரும்ப அனுப்பு" என்று நான் அவசரப்படுத்தினேன்.

அவள் எழுதி வைத்த அத்தனையையும் அழித்தாள். பிறகு புதிதாக இவ்வளவுதான் தட்டினாள்:

'நான் புதுசாக்கும். குந்தளாவுக்க பாட்டு ஒண்ணும் இதுவர கேட்டதில்ல. முதல்ல எது கேக்கணும்?'

"எதுக்கு இப்படி?" என்று கத்திவிட்டேன்.

"வாங்க வாங்கன்னு கூப்பிடுற ஆளுவகிட்ட போறேன்னு சொல்ல எனக்கு மனசு வரல்ல பாமா."

முதல் பதில் சிங்கப்பூரில் இருந்து. அக்கா, 'புதுசாக்கும்' என்று இப்படிப் பேச உலகத்திலேயே உங்களால்தான் முடியும், அழவைத்துவிட்டீர்கள் என்று ஆரம்பித்து, முதலில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கிற அந்தத் தாலாட்டைக் கேளுங்கள் என்று எழுதியிருந்தார் சுவாமிதாஸ். மலையாளத்தில் பாடியது அது. சாராம்மா தமிழ்ப் பாட்டு ஒன்றைச் சொன்னாள். தோணிப் பாட்டு என்றார் ஒருவர். இல்லை, கல்யாண வீட்டுப் பாட்டுதான் முதலில் என்றார் இன்னொருவர். ஒருத்தரும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. எல்லோரும் அப்போதுதான் ஆரம்பித்த மாதிரி எழுதினார்கள்.

கடைசியாக எலியாவுடையது வந்தது. 'எல்லாவற்றையும் ஒரேநாளில் கேட்டுவிடாதீர்கள். தாலாட்டை மட்டும் கேளுங்கள். மீதியை நாளைக்குச் சொல்கிறேன்.'

அதற்குப்பிறகு மைனி எத்தனையோ தடவை தட்டிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கடைக்காரர் எங்களை எழுந்திருக்கச் சொல்லவில்லை. நல்ல மனுஷன்.

திரும்பும்போது நான் லைனிங் துணியை மறந்துவிட்டேன். களியக்காவிளையில் இறங்கி, எல்லை தாண்டி, பூட்டின கடைகளுக்கு நடுவே வெயிலில் நடந்தோம். பாதி வழியில் மைனி ரோட்டிலேயே நின்றுவிட்டாள்.

"இனி ஒரு பாட்டு கேட்டா நான் ஆருகிட்ட போய்ச் சொல்லுவேன்?"

"எனக்கிட்ட சொல்லு."

"உனக்குப் பாட்டு பிடிக்காதுல்லா."

"பிடிக்காது" என்றேன். "நீ சொல்லு."